செவ்வாய்க்கிழமை அள்ளப்படும் கற்கள்

ஹேஸல் கேப்
ஏப்ரல் 15, 2017

டோர்ஸி,

உறையின் மேல் அம்மா பெயர் இருக்கும். எழுதுவது நான், கொரீன். கடிதம் போட அனுமதியுள்ளவர்கள் பட்டியலில் நீ அம்மா பெயரை மட்டும்தான் கொடுத்திருக்கிறாய். என் பெயரைச் சேர்க்காதே என்று போன வருடம் நான்தான் சொன்னேன். அந்தப் பேச்சை இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை. உன் சிநேகிதன் ரெஜியின் போதை மாத்திரை வியாபாரத்துக்கு என் காரை ஓட்டிக்கொண்டு போனாய். இப்போது ரெஜி அவன் வீட்டில் டிவி பார்க்கிறான், நீ சிறையில் இருக்கிறாய், கார் போலீஸ் கொட்டடியில் துருப்பிடிக்கிறது. கார் இல்லாததால் முதியோர் இல்லத்து வேலையும் போய்விட்டது. ஒரு வருடம் உன் தங்கை வாயைத் திறக்கவில்லை என்றால் காரணம் இதுதான்.

அம்மா விடவில்லை. "ரெண்டு வரி எழுதுடி, கையா ஒடிஞ்சிடும்?" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

நடந்து போகும் தூரத்தில் வேலை கிடைத்திருக்கிறது. நீ சிரிப்பாய். பழைய ரயில் பாதைக்கு ஆட்களைக் கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டும் வேலை. நீயும் நானும் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு சிகரெட் பிடிக்கப் போவோமே, அதே பாதை. இப்போது அதற்கு ஒரு பாரம்பரியச் சங்கம் வந்துவிட்டது. தண்டவாளத்தை எடுத்த இடத்தில் ஜல்லியை ஒதுக்கி நடைபாதை போட்டிருக்கிறார்கள். சனிக்கிழமை காலை நகரத்திலிருந்து ஊன்றுகோலும் தொப்பியுமாக வந்து இறங்குகிறார்கள். பழைய ஸ்டேஷனில் தொடங்கி மூன்று பாலம், மண்மேடு, பர்டெட் சுரங்கப்பாதை. கிழக்கு வாயிலில் நுழைந்து மறுபக்கம் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

சங்கத்துத் தலைவி மிஸ் ஹாலிஸ் உரை எழுதிக் கொடுத்திருக்கிறார். "துணிச்சல்மிக்க உழைப்பாளிகள் இம்மலையைக் குடைந்தனர்." யார் அந்த உழைப்பாளிகள்? சிறையிலிருந்து ரயில் கம்பெனிக்கு வாடகைக்கு விடப்பட்டவர்கள். முக்கால்வாசிப் பேர் நம்மைப் போலக் கறுப்பர்கள். வேலையில்லாமல் தெருவில் நின்றான், வேலிக்கம்பைத் திருடினான், இதுதான் குற்றம். சங்கிலியோடு குடைந்தார்கள். செத்தவனைப் பக்கத்து மண்மேட்டில் போட்டு மேலே மண் தள்ளி அதன்மேல் தண்டவாளம் போட்டார்கள். நாங்கள் ஊன்றுகோலோடு நடப்பது அவர்கள் மேல்தான். நான் இதைச் சொல்கிறேன். மிஸ் ஹாலிஸ், "கொரீன் கண்ணு, ஜனங்க லீவு நாள்ல வர்றாங்க. பாத்து அளவா சொல்லு" என்றார். அளவு எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நானாக ஒன்று ஆரம்பித்தேன். மண்மேட்டில் ஆளுக்கொரு ஜல்லிக் கல் எடுத்துக்கொள்ளச் சொல்வேன். நல்ல கனமாக, கையில் உறைக்கிற மாதிரி. அதைச் சுமந்து வந்து கிழக்கு வாயிலில் குவிக்க வேண்டும். செத்தவர்களுக்குக் கல்லறை இல்லை, அதனால் இது. போன வாரம் ஒரு அம்மாள் கல்லை வைத்துவிட்டு உட்கார்ந்து அழுதார்.

ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

கொரீன்


ஏப்ரல் 24

கொரீன்,

இதைப் பிரித்து உதறிப் பார்க்கும் ஆபீசருக்கு முதலில் வணக்கம். உள்ளே பொடியும் இல்லை, பிளேடும் இல்லை. என் தங்கச்சி ஒரு வருடம் கழித்துத் திட்டி எழுதிய கடிதத்துக்குப் பதில் மட்டும்தான்.

கார் விஷயத்தில் நீ சொன்னதெல்லாம் சரி.

என்னை இடம் மாற்றிவிட்டார்கள். பெரிய சிறையிலிருந்து மலை வேலை முகாமுக்கு. இங்கே வெளி வேலைக் குழுவில் எடுத்திருக்கிறார்கள். எந்த இடத்தில் வேலை என்று எழுதக்கூடாது, அது விதி. ஆனால் ஆகாயம் தெரிகிறது. வெளியே வேலை செய்கிறவனுக்குத் தண்டனையில் நாள் கழியும். என் மேல் ஒரு குற்ற அறிக்கையும் எழுதப்படாமல் இருந்தால் அக்டோபரில் வீட்டில் இருப்பேன். பிக்கன்ஸ் தன் டயர் கடையில் இடம் வைத்திருக்கிறார். பனிக்காலத்துக்கு டயர் மாற்றும் கூட்டம் அக்டோபர் கடைசியில் ஆரம்பிக்கும், அதற்குள் வந்தால் வேலை, இல்லாவிட்டால் வேறு ஆள் என்று சொல்லிவிட்டார். கையில் வேலை இல்லாதவனுக்கு இங்கே பரோல் கிடையாது. ஆக, ஒரே ஒரு அறிக்கை போதும். நாளும் போகும், பிக்கன்ஸும் போவார், அடுத்த கோடை வரை நான் இங்கேதான்.

உன் கடிதத்தை டீக்கனுக்குப் படித்துக் காட்டினேன். டீக்கன் என்றால் சர்ச்சுக்காரர் இல்லை. எல்லாவற்றுக்கும் "ஆமென்" போடுவதால் அந்தப் பெயர். என் பக்கத்துக் கட்டில். கல் குவிக்கிற இடம் வந்ததும் மனிதர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "உன் தங்கச்சியா? அது உன் தங்கச்சியாடா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். இடுப்புப் பிடித்திருப்பதால் சிரிக்கும்போது வலித்தது.

எதற்குச் சிரித்தோம் என்று எழுத அனுமதியில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். நீ ஒரு சனிக்கிழமை குவிக்கிற கல் அடுத்த சனிக்கிழமை அங்கே இருக்கிறதா? பார்த்தாயா?

சாப்பாடு மோசம். அம்மாவிடம் நன்றாக இருக்கிறது என்று சொல்.

டோர்ஸி


மே 6, சனிக்கிழமை

டோர்ஸி,

இது தபாலில் வராது. கற்குவியலுக்கு அடியில் ஊறுகாய் ஜாடிக்குள் வைக்கிறேன். மேலே இருக்கிற தாளில் அம்மாவின் முட்டைக்கோஸ் ஊறுகாய்ச் செய்முறை இருக்கிறது. வேறு யாராவது எடுத்தால் அதோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

கல் இருப்பதில்லை. நான் அதைக் கவனிக்கவே இல்லை. ஒவ்வொரு வாரமும் ஒன்றிரண்டு கல்தான் மிஞ்சியிருந்தது, கரடி கலைத்திருக்கும், பையன்கள் ஆற்றில் எறிந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். உன் கடிதம் வந்ததும் மிஸ் ஹாலிஸிடம் கேட்டேன்.

"அதை எல்லாம் செவ்வாய்க்கிழமை கிளீன் பண்ணிடுவாங்க கண்ணு. பாதையில கல்லு கிடந்தா யாராவது தடுக்கி விழுந்து வைப்பாங்க. அப்புறம் இன்சூரன்ஸ்காரனுக்கு நான் பதில் சொல்லணும்."

"யாரு கிளீன் பண்றது?"

"கவுண்டி நிர்வாகத்துல இருந்து அனுப்புறாங்க. அதான், மலை முகாம் ஆளுங்க. புல்லு வெட்டுறது, சாக்கடை அள்ளுறது எல்லாம் அவங்கதான். நமக்கு ஒரு செலவும் இல்ல. அவங்க இல்லேன்னா இந்தப் பாதையே இல்ல."

சொல்லிவிட்டு எனக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தார். கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

சிறையில் இருந்தவனை வாடகைக்கு எடுத்து மலையைக் குடைந்தார்கள் என்று நான் கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறேன். கேட்டு அழுத அம்மாளின் காலடியில் இருந்த புல்லை வெட்டியது நீ. அவர் அழுதுகொண்டே வைத்த கல்லை அள்ளிக் கொட்டியதும் நீ. இதில் எது பழைய கதை?

அடுத்த சனிக்கிழமை இதைச் சொல்லப் போகிறேன். உன் பெயர் வராது. "நீங்கள் நடக்கும் இந்தப் பாதையை இன்று பராமரிப்பது யார் தெரியுமா?" என்று மட்டும் கேட்பேன். மிச்சத்தை அவர்களே யோசிக்கட்டும்.

கொரீன்


மே 9, செவ்வாய்க்கிழமை

கொரீன்,

ஜாடியை நான் எடுத்தேன் என்பதால் பிழைத்தோம். சில வாரம் டீக்கன் எடுப்பார், அவர் நம் ஆள். எங்களுக்குக் காவல் நிற்கும் ஆபீசர் ஸ்டேமி எடுத்திருந்தால் ஊறுகாய்ச் செய்முறையோடு நிறுத்த மாட்டார், அவருக்கு வேறு வேலை கிடையாது. இந்தப் பதிலை மட்டும் அதே ஜாடியில் போட்டு அங்கேயே விட்டுப் போகிறேன், இனிமேல் குவியலில் வைக்காதே. சுரங்கத்துக்குள் இடது சுவரில், ரயில் வந்தால் ஆட்கள் ஒதுங்கி நிற்க மாடம் மாடமாகக் குடைந்திருக்கிறதே, அதில் மூன்றாவது மாடம். பின்சுவரில் ஒரு செங்கல் ஆடும். நான் சனிக்கிழமைக்கு வைப்பேன், நீ செவ்வாய்க்கிழமைக்கு வை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒதுங்கி உட்கார்ந்து இதை எழுதுகிறேன், கையெழுத்தைத் திட்டாதே.

இப்போது கேள். பேசாதே. சனிக்கிழமையும் பேசாதே, அதற்கடுத்த சனிக்கிழமையும் பேசாதே.

உனக்குக் கோபம் வருவது நியாயம். உன் கோபத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நீ பேசினால் என்ன நடக்கும் என்று யோசித்தாயா? யாராவது பேப்பருக்கு எழுதுவார்கள். முகாமுக்குப் போன் வரும். அதற்காகக் கைதிகளை வைத்து வேலை வாங்குவதை நிறுத்திவிடுவார்களா? என்னை வைத்து வேலை வாங்குவதைத்தான் நிறுத்துவார்கள். வேறு பாதை, வேறு பத்துப் பேர். நான் உள்ளே சலவை அறையில் நீராவியில் வெந்துகொண்டு இருப்பேன், நாள் கழியாது. இந்தக் குழுவில் இடம் கிடைக்க எத்தனை பேரிடம் "எஸ் சார்" சொன்னேன் தெரியுமா? மண்மேட்டுக்கு அடியில் இருக்கிறவர்கள் மேல் எனக்கும் இரக்கம் உண்டு. தினம் அவர்கள் மேல்தான் வண்டி தள்ளுகிறேன். ஆனால் அவர்களுக்கு இனிமேல் விடுதலைத் தேதி வராது. எனக்கு வரும்.

இங்கே நல்லது என்ன என்றும் சொல்கிறேன். காலையில் பாலத்துக்குக் கீழே தண்ணீர்ச் சத்தம். சுரங்கத்து வாயிலில் வரும் குளிர்காற்று. ஸ்டேமி நாயோடு நிழலில் தூங்கிவிட்டால் டீக்கன் மீன் எப்படிப் பிடிப்பது என்று பேச ஆரம்பிப்பார். ஒரு மணி நேரம் யாரும் என்னைக் கைதி மாதிரிப் பார்ப்பதில்லை.

கல்லைப் பற்றி: அதை ஆற்றில் கொட்ட முடியாது, மீன் ஆறு என்று தடை. அதனால் ஒரு சக்கர வண்டியில் ஏற்றி, மேட்டில் தள்ளிக்கொண்டு போய், நீ எடுத்த அதே இடத்தில் கொட்டுகிறேன். சனிக்கிழமை உன் ஆட்கள் மறுபடி எடுத்து வருகிறார்கள். "கனமாக, கையில் உறைக்கிற மாதிரி" என்று எழுதியிருந்தாயே. உறைக்கிறது. தயவுசெய்து நிறுத்து.

டோர்ஸி


மே 20

டோர்ஸி,

பேசவில்லை. இரண்டு சனிக்கிழமையும் வாயை மூடிக்கொண்டு மிஸ் ஹாலிஸின் உரையோடு முடித்துக்கொண்டேன். போன நூற்றாண்டு வரைக்கும் சொன்னேன், அதற்கு இந்தப் பக்கம் வரவில்லை. நீ சொல்வது சரி என்பதால் அல்ல. அக்டோபர் என்று நீ எழுதியிருந்ததால்.

உனக்கு ஒரு வேடிக்கை. கல் வைப்பதை நிறுத்தினேன். மிஸ் ஹாலிஸ் ஓடி வந்தார். "ஏன் கண்ணு நிறுத்திட்ட? கல்லு வைக்கிறதுதான் ரொம்ப உருக்கமா இருந்துச்சுன்னு நெட்டுல எழுதியிருக்காங்க பாரு. அஞ்சு ஸ்டாரு!" என்றார். யாராவது தடுக்கி விழுந்தால் என்று கேட்டேன். "அதான் செவ்வாய்க்கிழமை அள்ளிடுறாங்களே" என்றார்.

ஆகவே கல் தொடர்கிறது. ஆனால் மொச்சைக்கொட்டை அளவுக் கல்லாகப் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். ஒரு ஆள், ஆறடி உயரம், "இவ்ளோ சின்னதா?" என்று கேட்டார். "இதுதான் இங்க வழக்கம்" என்று சொல்லிவிட்டேன். வழக்கம் இப்படித்தான் உண்டாகிறது போல.

இடுப்புக்கு அம்மா தைலம் கொடுத்து வைக்கச் சொன்னாள். உன்னிடம் இருப்பதைக் கண்டுபிடித்தால் அதற்கும் அறிக்கை எழுதுவார்கள் என்று நான் வைக்கவில்லை. அம்மாவிடம் வைத்துவிட்டேன் என்று சொன்னேன்.

கொரீன்


ஜூன் 17

டோர்ஸி,

செவ்வாய்க்கிழமை நடந்ததற்கு நான் காரணம் இல்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நகரத்துச் சர்ச் ஒன்றிலிருந்து வயதானவர்கள் பஸ்ஸில் வருவதற்கு மிஸ் ஹாலிஸ் ஒத்துக்கொண்டிருக்கிறார். சனிக்கிழமை இடம் இல்லை என்று செவ்வாய்க்கிழமை கொடுத்துவிட்டார். முகாம் ஆட்கள் வரும் நாள் என்று அவர் நினைத்தே பார்க்கவில்லை. எனக்குக் காலையில்தான் தெரியும். ஸ்டேஷனிலேயே பேசிப் பேசி நேரத்தை இழுத்தேன். பழைய டிக்கெட் மெஷினைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். யாரும் கேட்கவில்லை, எல்லாருக்கும் சுரங்கத்தைப் பார்க்க அவசரம்.

பாலத்துக்கு முந்தைய வளைவில் திரும்பியதும் நீங்கள். சம்மட்டி, கடப்பாரை, மண்வெட்டி. பழைய பாதையில் மெஷின் ஓட்டக்கூடாது என்று உங்களுக்குக் கொடுத்திருப்பது எல்லாமே அந்தக் காலத்துச் சாமான். நீலத் தொப்பி வைத்த அம்மாள் கை தட்டினார். "ஐயோ, எவ்ளோ தத்ரூபமா இருக்கு! சங்கத்துக்காரங்க நடிகருங்களைக்கூடப் போட்டிருக்காங்களா?" என்றார். எல்லாரும் போட்டோ எடுத்தார்கள். ஒருவர் பாட்டுப் பாடச் சொன்னார். ஒரு கிழவர் உன் தோளைத் தட்டிப் பாராட்டினார். உன் ஸ்டேமி நாயின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டு நின்றார்.

நீ வண்டியை மேட்டில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாய். பதினான்கு மாதம் கழித்து. இளைத்திருக்கிறாய்.

"இவங்க நடிகருங்க இல்ல" என்பது என் நாக்கு நுனிவரை வந்தது. நான் சொன்னது, "வாங்க வாங்க, அடுத்தது பாலம். பாத்து வாங்க."

இதைவிடக் கேவலமாக நான் எதுவும் பேசியதில்லை. உனக்காகப் பேசினேன். நல்லபடியாகத் திரும்பிப் போனாயா என்று மட்டும் எழுது.

கொரீன்


ஜூன் 20

கொரீன்,

இதை டீக்கன் செருப்புக்குள் வைத்துக் கொண்டுவருகிறார். நான் குழுவில் இல்லை. தனி அறையில் பூட்டி வைத்திருக்கிறார்கள், விசாரணை வரும் வாரம்.

ஒரு பெரியவர் என் சட்டைப் பையில் டாலர் நோட்டைச் செருகிவிட்டுப் போனார். நல்லா நடிக்கிறே தம்பி என்று சொல்லித் தோளைத் தட்டினார். என் இரண்டு கையும் வண்டியில். மேட்டில் விட்டால் உருண்டுவிடும். அந்த நிமிடமே ஸ்டேமியைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும், அது விதி. நான் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன், சொல்லவில்லை. அப்புறம் மறந்தே போனேன். சாயங்காலம் கேட்டில் சோதனை போடும்போது எடுத்தார்கள். வெளியாரிடம் பணம் வாங்கியதாக அறிக்கை. தனக்கு ஒன்றும் தெரியாது என்று ஸ்டேமி எழுதிக் கொடுத்துவிட்டார்.

குழுவில் இருந்தவர்கள் சொல்வது செல்லாது, கைதிக்குக் கைதி சாட்சி கிடையாது. பஸ்ஸில் வந்தவர்களை யாரும் தேடிப் போக மாட்டார்கள், நடந்ததைப் பார்த்தவர்களில் மிச்சமிருக்கும் வெளியாள் நீ ஒருத்திதான். சங்கத்துக்கு ஒரு படிவம் வரும், "சுற்றுலா வழிகாட்டி எல். கொரீன்" என்று. அவன் கை வண்டியில் இருந்தது, அவன் கேட்கவில்லை, கிழவர் தானாகச் செருகினார் என்று எழுது. போதும்.

ஆனால் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கும். கைதிக்கும் உங்களுக்கும் என்ன உறவு என்று. சொந்தக்காரி என்று எழுதினால் சாட்சி செல்லாது. அதோடு சொந்தக்காரியை வேலை இடத்தில் வரவழைத்தான் என்று இன்னொரு அறிக்கையும் போடுவார்கள், அது இதைவிடப் பெரிது. கல்யாணம் பண்ணி உன் பேருக்குப் பின்னால் லேதம் என்று அவன் குடும்பப் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. அந்தக் கல்யாணத்தால் வந்த ஒரே நன்மை இதுதான். என் பட்டியலிலும் உன் பெயர் இல்லை. ஏப்ரலில் நம் கடிதங்களைப் பிரித்த ஆபீசர் உதறிப் பார்த்ததோடு சரி, பெயரை நினைவில் வைத்திருக்க மாட்டார். யாருக்கும் தெரியாது.

என்ன எழுதச் சொல்கிறேன் என்று உனக்குப் புரியும். நீ உண்மையைத்தான் எழுதுவேன் என்று பிடிவாதம் பிடித்தால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். பொய். கோபித்துக்கொள்வேன்.

டோ.


ஜூன் 24

டோர்ஸி,

டீக்கனுக்கு என் நன்றி. செருப்பு வாசனை போகவே இல்லை.

படிவம் வியாழக்கிழமை வந்தது. மிஸ் ஹாலிஸ் என் எதிரில் உட்கார்ந்துகொண்டார். "பாவம் அந்தப் பையன். நாங்களும் ஒரு வகையில காரணம்தானே. உனக்குப் பட்டதை எழுது கண்ணு" என்றார். பேனாவையும் அவரே கொடுத்தார்.

நடந்ததை எழுதினேன். வண்டி, மேடு, இரண்டு கை, கிழவரின் வார்த்தை எல்லாம். பாதுகாவலர் பக்கத்திலேயே நின்று சிரித்துக்கொண்டிருந்தார் என்பதையும் எழுதினேன். அது நீ கேட்காதது, நான் போட்டது.

பிறகு அந்தக் கேள்வி. "உறவு ஏதும் இல்லை. மேற்படி கைதியை இதற்கு முன் நான் பார்த்ததில்லை." இரண்டாவது வாக்கியத்தை யாரும் கேட்கவில்லை. முதல் வாக்கியத்தை எழுதியதும் அது தானாக வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டேன். மிஸ் ஹாலிஸ் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

பாதியில் நிறுத்திவிடுவேன் என்று நினைத்தேன், ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். காருக்காக ஒரு வருடம் உன்னை அண்ணன் இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தேனே, அந்தப் பழக்கம்தான் போல.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். தட்டுக் கழுவிக்கொண்டே கேட்டாள், திரும்பிப் பார்க்கவில்லை. "சரி. பையன் வருவானா?" என்றாள்.

கொரீன்


ஜூலை 11

கொரீன்,

அறிக்கையைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். விசாரணை ஆபீசர் உன் தாளை இரண்டு தரம் படித்தார். "நல்லவேளை, சம்பந்தமே இல்லாத ஒரு பொண்ணு உனக்காக இவ்ளோ விவரமா எழுதியிருக்கு. அதிர்ஷ்டக்காரன்டா நீ" என்றார். எஸ் சார் என்றேன்.

நாள் கழிந்தது கழிந்ததுதான், அக்டோபர் அப்படியே இருக்கிறது. ஆனால் உங்கள் பாதைக்கு இனிமேல் நான் வர மாட்டேன், நெடுஞ்சாலையில் குப்பை பொறுக்கப் போட்டிருக்கிறார்கள். ஸ்டேமியையும் அந்தக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள், நீ எழுதிய அந்த வரியால். அவர் என்னைத் திட்டுவதைக் கேட்டு டீக்கன் ஒரு நாள் முழுக்க ஆமென் போட்டார். இதுதான் டீக்கன் கையால் மாடத்தில் வைக்கும் கடைசிக் கடிதம்.

ஒரு சிக்கல் இருக்கிறது. இதை முன்பே யோசிக்காதது என் மடத்தனம்.

பரோலில் வருகிறவன் எந்த வீட்டுக்குப் போகிறான், அங்கே யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பரோல் அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். கட்டிலை எண்ணுவார், சுவரில் மாட்டிய போட்டோவைப் பார்ப்பார். அவரிடம் இருக்கும் என் கோப்பில் உன் சாட்சித் தாளும் இருக்கும். "கொரீன் லேதம், உறவு ஏதும் இல்லை." அந்தக் கொரீன் லேதம் நம் அம்மா வீட்டு மாடியில் தூங்கினால் என்ன ஆகும்?

"அம்மா மட்டும்" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் எழுதினேன். கேட்க வழி இல்லை, அன்றைக்கே கேட்டார்கள். பிக்கன்ஸ் வீட்டுக்குப் போகலாமா என்று பார்த்தேன், அவர் பெண்டாட்டி ஒத்துக்கொள்ள மாட்டாள்.

பரோல் காலம் முடிகிறவரை அவர் எப்போது வேண்டுமானாலும் வருவார். சொல்லாமல் வருவார்.

டோர்ஸி


ஹேஸல் கேப்
செப்டம்பர் 19

அன்புள்ள மகனே,

இது உன் அம்மா எழுதுவது. (அம்மா பக்கத்தில் உட்கார்ந்து "நான் அப்படியெல்லாம் எழுத மாட்டேன்" என்கிறாள்.)

பரோல் அதிகாரி நேற்று வந்தார். நல்ல மாதிரி. காப்பி வேண்டாம் என்றுவிட்டார். வீடு சுத்தமாக இருக்கிறது என்று சொன்னார். மாடி அறையைத் திறந்து பார்த்து, "இது யாரோட ரூம்?" என்று கேட்டார். "என் மகன் வந்தா அவனுக்கு" என்றேன். உண்மைதானே. மெத்தையைத் திருப்பிப் போட்டிருக்கிறேன், ஜன்னலுக்குப் புதுத் திரை.

அந்த அறையில் ஒரு பெண் இருந்தாள். எனக்கு வேண்டிய பெண்தான். ஆகஸ்டில் காலி செய்துகொண்டு ஸ்டேஷன் மாடியில் ஒரு அறைக்குப் போய்விட்டாள். அவளுக்கு அங்கே மிஸ் ஹாலிஸ் இடம் கொடுத்திருக்கிறார், ராத்திரி காவலும் ஆயிற்று என்று. அங்கே குழாயில் வெந்நீர் வருவதில்லை, மற்றபடி குறை ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவளைப் பார்க்கிறேன். நான் முன் பெஞ்சில், அவள் பின் பெஞ்சில்.

ஹால் சுவரில் மாட்டியிருந்த போட்டோக்களில் சிலதை எடுத்துவிட்டேன். சுவரில் நாலு சதுரம் வெள்ளையாகத் தெரிந்தது. அதிகாரி பார்ப்பார் என்று சுவர் முழுக்கப் பெயிண்ட் அடிக்க வேண்டியதாயிற்று. அந்தப் பெண்தான் வந்து அடித்துக் கொடுத்தாள், அவள் முகம் இருந்த இடத்துக்கும் சேர்த்து. இது நியாயமா என்று அவள் கேட்கவில்லை. யாரைக் கேட்பது?

பிக்கன்ஸ் கடையில் உன் பெயரைச் சொல்லி வைத்திருக்கிறேன். கம்பளிச் சட்டை பெட்டியில் இருக்கிறது.

அம்மா


ஹேஸல் கேப்
நவம்பர் 12

கொரீன்,

இதை யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். அம்மா போனில் கூப்பிட்டால் பில்லில் நம்பர் வரும், அதனால் இது. சர்ச்சில் அம்மா உன் பெஞ்சைத் தாண்டும்போது பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்துத் தருவாள்.

நேற்று நான் வந்திருக்கக் கூடாது. டயர் கடையில் எனக்கு மத்தியானம் வரை லீவு. இந்த வருடத்துக் கடைசி நடை என்று ஸ்டேஷன் வாசலில் போர்டு பார்த்தேன். யார் வேண்டுமானாலும் வரலாம் என்று போட்டிருந்தது. நானும் யார் வேண்டுமானாலும்தானே என்று வரிசையில் நின்றுவிட்டேன்.

"வாங்க சார், எந்த ஊர்ல இருந்து வர்றீங்க?" என்று கேட்டாய்.

"பக்கத்துலதான்" என்றேன்.

"அப்ப உங்களுக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்கும்" என்றாய். கூட்டம் சிரித்தது. உன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவ்வளவு நன்றாக உனக்கு வரும் என்று நான் நினைக்கவில்லை.

நீ பேசுவதை இப்போதுதான் முதல் தடவை கேட்கிறேன். அந்தப் பாதையில் அத்தனை மாதம் வேலை செய்தேன், உன் பேச்சைக் கேட்டதில்லை. நன்றாகப் பேசுகிறாய். மண்மேட்டில் எல்லாரும் தொப்பியைக் கழற்றினார்கள், நீ சொல்லாமலே. நானும் கழற்றினேன். நான் வெட்டிவிட்ட இடத்தில் புல் மறுபடி முளைத்திருக்கிறது. வேறு யாரோ வெட்டியிருக்கிறார்கள், என் அளவுக்கு ஒழுங்கு இல்லை.

பிறகு, கேள்வி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாய். நான் திட்டம் போட்டு வரவில்லை. வாயில் வந்துவிட்டது.

"இந்த ஆளுங்களுக்கு வீட்ல யாருமே இல்லையாங்க? செத்த பிறகு அம்மா, தங்கச்சின்னு யாரும் தேடி வரலையா?"

நீ என்னைப் பார்த்தாய். வரிசைக் கடைசியில் பிளாஸ்க்கோடு நின்ற மிஸ் ஹாலிஸைப் பார்த்தாய். மறுபடி என்னைப் பார்த்தாய். நீ என்ன சொல்லப் போகிறாய் என்று எனக்குப் பயமாக இருந்தது. ஆறு மாதத்துக்கு முன் இருந்த கொரீனாக இருந்தால் சொல்லியிருப்பாய். நான் கெடுத்துவிட்ட கொரீனாக நீ, "அதைப் பத்திப் பதிவு எதுவும் இல்லைங்க சார்" என்றாய். வாங்க, அடுத்தது சுரங்கம் என்று நடந்தாய்.

சரியாகத்தான் சொன்னாய். நான் உன் இடத்தில் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். பரோல் அதிகாரி வியாழக்கிழமை வந்துவிட்டுப் போனார், அடுத்து எப்போது என்று தெரியாது. ஆகவே இனி சனிக்கிழமைகளில் வர மாட்டேன்.

திரும்பும்போது பச்சைத் தொப்பி போட்ட ஒருவர் என்னோடு நடந்து வந்தார். நகரத்துக்காரர், பேச்சுத் துணைக்கு ஆள் தேடுகிறவர். "நல்ல கேள்வி கேட்டீங்க தம்பி. யாருமே தேடி வரலேன்னா, பாவம், அனாதைங்களா இருந்திருப்பாங்க, இல்ல?" என்றார்.

நீ முன்னால் பத்தடி தூரத்தில் போய்க்கொண்டிருந்தாய்.

"ஆமாங்க, அப்படித்தான் போல" என்று சொன்னேன்.

டோர்ஸி